மேலே ஏறியவர்கள், கீழே ஏறாதவர்கள்

என் கல்யாணத்துக்கு முந்தின நாள், ஞாயிற்றுக்கிழமை மதியம், திருச்செங்கோட்டைத் தாண்டி ஒரு டீக்கடை வாசலில் பட்டுப்புடவையோடு தனியாக நின்றேன். என்னை ஏற்றிக்கொண்டு வந்த கல்யாண பஸ் இரண்டும் என்னை விட்டுவிட்டுப் போய்விட்டன. கிளம்பலாம் என்று அவர்களுக்குச் சொன்னது நான் எழுதிய ஆப். யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

எங்கள் ஊர் நாமகிரிப்பேட்டைப் பக்கம். வீட்டில் மஞ்சளும் மரவள்ளியும் போடுவார்கள். நான் சேலத்தில் ஒரு சின்ன ஆபீசில் மொபைல் ஆப் எழுதும் வேலையில் இருந்தேன். மாப்பிள்ளைக்குக் குமாரபாளையம், விசைத்தறி வைத்திருக்கும் குடும்பம். கல்யாணமும் அங்கேதான். இங்கிருந்து எங்கள் சொந்தபந்தம் அறுபத்து மூன்று பேரை இரண்டு பஸ்ஸில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும்.

எங்கள் குடும்பத்தில் எந்தக் கல்யாணம் என்றாலும் பஸ்ஸுக்குப் பொறுப்பு பெரிய மாமாதான். அம்மாவின் அண்ணன். முந்தின வருஷம் ஒரு கல்யாணத்துக்குப் போய்த் திரும்பும்போது, கை கழுவிக்கொண்டிருந்த ஒரு சித்தப்பாவை மண்டபத்திலேயே விட்டுவிட்டு வந்துவிட்டார். சித்தப்பா ஆறு மாசம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அந்த நினைப்பில்தான் என் கல்யாணத்துக்கு ஒரு மாசம் முன்னால் மாமா வீட்டுக்கு வந்தார்.

“சாமி, நீ போன்ல என்னென்னமோ பண்ணறயே. ஆரு ஏறுனாங்க, ஆரு ஏறலைன்னு காட்டறாப்புல ஒண்ணு பண்ணிக் குடு.”

“பண்ணிடலாம் மாமா. ஏறினவங்க ஒரு பக்கத்துல, ஏறாதவங்க இன்னொரு பக்கத்துல. மேல ரெண்டு பட்டன் இருக்கும். எது வேணுமோ அதத் தொட்டுக்கங்க.”

“அதத் தொட்டா அது, இதத் தொட்டா இதுங்கறதெல்லாம் எனக்கு ஆவாது. ரெண்டும் ஒண்ணாத் தெரியோணும். போனை எடுத்தா ஒரே பார்வைல பாத்துப்போடோணும்.”

இதில் என்ன இருக்கிறது என்று நினைத்தேன். ஒரே திரையில் இரண்டு பட்டியல். மேலே ஏறியவர்கள், கீழே ஏறாதவர்கள். ஒரு சாயங்காலத்து வேலை.

ஒரு வாரம் ஆனது. தனியாக விட்டால் ஒவ்வொரு பட்டியலும் ஒழுங்காக இருக்கும். ஒன்றன் கீழ் ஒன்றாக வைத்தால் மேலே இருப்பது தனக்கே முழு இடமும் வேண்டும் என்று நீண்டுகொண்டே போகும். கீழே இருப்பது திரைக்கு வெளியே போய் விழும். இடம் போதாதபோது திரையின் அடியில் மஞ்சளும் கறுப்புமாகச் சாய்ந்த பட்டை ஒன்று வரும். லாரிகளின் பின்னால் அடித்திருப்பார்களே, அதே மாதிரி. அந்தப் பட்டையைப் பார்த்துப் பார்த்து எனக்குக் கோபம் போய்ச் சிரிப்பு வர ஆரம்பித்துவிட்டது. கல்யாணப் பெண் இல்லையா, அந்த மாசம் எதைப் பார்த்தாலும் எனக்குச் சிரிப்புத்தான். ஜாக்கெட் அளவு எடுத்தபோது சிரித்தேன். பத்திரிகையில் என் படிப்பைத் தப்பாக அச்சடித்திருந்ததற்கும் சிரித்தேன். கடைசியில், மேல் பட்டியலுக்கு இவ்வளவு உயரம் என்று ஒரு எண்ணை நானே எழுதி வைத்தேன். மிச்ச இடம் கீழ்ப் பட்டியலுக்கு. பட்டை போய்விட்டது. ஐந்து பேரின் பெயரைப் போட்டுப் பார்த்தேன். ஒரு பெயரைத் தொட்டால் அது கீழிருந்து மேலே தாவியது. வேலை முடிந்த பிறகும் உட்கார்ந்து வெறுமனே தாவவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஏற்பாடு இதுதான். குடும்பத்துக்கு ஒரு போன். வீட்டார் பஸ் ஏறியதும் அந்தப் போனில் அவரவர் பெயரைத் தொட வேண்டும்; இறங்கும்போது மறுபடி தொட்டால் பெயர் கீழே வந்துவிடும். முழுப் பட்டியலும் தெரிவது இரண்டே போன்களில்: என்னுடையது, மாமாவுடையது.

“கீழ ஆரும் இல்லைன்னா கிளம்பலாம். அவ்வளவுதான் மாமா” என்றேன்.

“கீழ ஆரும் இல்லைன்னா கிளம்பலாம்” என்று மாமா இரண்டு தடவை சொல்லி மனப்பாடம் செய்துகொண்டார்.

ஞாயிறு மதியம் ஊரிலிருந்து கிளம்பும்போது மாமா பக்கத்தில் நான் நின்றேன். என் போனில் என் பெயரோடு சேர்த்து அறுபத்து மூன்று பெயரும் மேலே போனதும், “போலாம் மாமா” என்றேன். நான் அப்பா அம்மாவோடு காரில் போயிருக்க வேண்டும். சித்தி பெண்களோடு பஸ்ஸில் பாட்டுப் போட்டு ஆட வேண்டும் என்று ஆசைப்பட்டு அம்மாவிடம் கெஞ்சிக் கூத்தாடி இறங்கி வந்தேன். கார் சீர்த்தட்டுகளோடு நேராகப் போய்விட்டது. பஸ் மட்டும் திருச்செங்கோடு தாண்டி டீக்கு நின்றது.

எல்லோரையும் போல நானும் பெயரைத் தொட்டு இறங்கிய நேரத்தில் அவர் கூப்பிட்டார். கட்டிக்கொள்ளப் போகிறவர். கடைக்குப் பின்னால் ஒரு புளியமரம் இருந்தது. அதன் மறுபக்கம் போய் நின்றுகொண்டேன். என்ன பேசினோம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. புது வேட்டி இடுப்பில் நிற்கவில்லை என்றார், அதற்கு ஐந்து நிமிஷம் சிரித்தேன். என் மருதாணி இடது கையில் மட்டும் சிவக்கவில்லை என்றேன், அதற்கு அவர் சிரித்தார்.

“ஏனுங்க, ஹாரன் சத்தம் பலமாக் கேக்குது?” என்றார்.

“எங்க பஸ்ஸுங்க. கிளம்பறாங்களாட்ட இருக்குது” என்றேன். சிரித்துக்கொண்டேதான் சொன்னேன்.

“நீங்க ஏறலீங்களா?”

மரத்தைச் சுற்றி ஓடி வந்து பார்த்தேன். முதல் பஸ் ரோட்டில் ஏறி வேகம் பிடித்துவிட்டது. இரண்டாவது பஸ்ஸின் ஜன்னலில் ஒரு துப்பட்டா பறந்தது. உள்ளே பாட்டு அலறியது. முதல் பஸ்ஸில் இருந்தவர்கள் நான் இரண்டாவதில் இருப்பதாக நினைத்தார்கள். இரண்டாவதில் இருந்தவர்கள் முதலாவதில் இருப்பதாக நினைத்தார்கள். கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இருபது அடி ஓடினேன். அப்புறம் நின்றேன். பயம் வந்திருக்க வேண்டும். வந்தது சிரிப்பு. வயிற்றைப் பிடித்துக்கொண்டு ரோட்டோரத்தில் குனிந்து சிரித்தேன். போனில் அவரும் சிரித்துக்கொண்டிருந்தார்.

“நான் பைக் எடுத்துட்டு வாரேனுங்க.”

“அய்யோ, வேண்டாமுங்க. மாப்பிள்ளை பைக்ல வந்து பொண்ணைத் தூக்கிட்டுப் போனாருன்னு ஊரே பேசும். நான் மாமாவைக் கூப்பிடறேன்.”

ஆப்பைத் திறந்து பார்த்தேன். என் போனில் எல்லாம் அழகாக இருந்தது. மேலே அறுபத்து இரண்டு பேர். கீழே ஒரே ஒரு பெயர், என்னுடையது. அது தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது. பின்னே எப்படிக் கிளம்பினார்கள்?

பாட்டுச் சத்தத்தில் மாமா ஏழாவது தடவைதான் போனை எடுத்தார்.

“மாமா, நான் ஏறலீங்!”

“ஆரு பேசறது?”

“நாந்தான் மாமா, பொண்ணு!”

“எந்தப் பொண்ணு?”

“கல்யாணப் பொண்ணு மாமா! டீக்கடைலயே நிக்கறேன்!”

“நீ பின்னால பஸ்ல இருக்கற சாமி.”

“இல்லீங் மாமா. கடைக்காரரு என்னையே பாத்துட்டு இருக்கறாரு.”

“அதெப்படி? ஆப்புல கீழ ஒருத்தருமே இல்லியே. நீ பண்ணுன ஆப்புதான? நீயே நம்பலைன்னா எப்புடி சாமி?”

“மாமா, கீழ தள்ளிப் பாருங்க.”

“தள்ளறேன். மேல இருக்கற பேருதான் ஓடுது. அதுக்குக் கீழ ஒண்ணும் நவுர மாட்டீங்குது.”

எனக்கு மெல்ல விளங்க ஆரம்பித்தது. “மாமா, போன்ல எழுத்தப் பெருசா வெச்சிருக்கீங்களா?”

“பெருசாத்தான் வெச்சிருக்கறேன். இல்லைன்னா எனக்கு எங்க தெரியுது?”

தலையில் கை வைத்துக்கொண்டேன். மாமாவுடையது சின்ன போன். எழுத்தை எவ்வளவு பெரிதாக்க முடியுமோ அவ்வளவு பெரிதாக்கி வைத்திருந்தார். மேலே தலைப்பு பாதி இடத்தைத் தின்றுவிட்டது. அதற்குக் கீழே நான் எண்ணை எழுதி உயரம் கொடுத்த பட்டியல் உட்கார்ந்தது. அதோடு திரை முடிந்தது. மிச்ச இடம் கீழ்ப் பட்டியலுக்கு என்று எழுதியிருந்தேன். மிச்சமே இல்லை. கீழே யாரும் இல்லையென்றால் கிளம்பலாம் என்றேன். அவருடைய போனில் கீழே என்பதே இல்லை. மாமாமேல் ஒரு தப்பும் கிடையாது.

“சரி, வண்டியைத் திருப்பி வாங்க மாமா.”

“அது ஆவாது சாமி. பொண்ணு வண்டி கிளம்புன பொறவு திருப்பப் படாது.”

“பொண்ணே வண்டில இல்லியே மாமா.”

மாமா யோசித்தார். “அதுக்கு என்ன பண்ணோணும்னு ஆரும் சொல்லி வெக்கலியே” என்றார் கடைசியில். சங்ககிரி பக்கம் இரண்டு பஸ்ஸையும் நிறுத்திக் காத்திருப்பதாகவும், நாலரைக்கு ராகுகாலம் பிறக்கிறது, அதற்குள் மண்டபத்தில் கால் வைத்தாக வேண்டும் என்றும் சொன்னார். அப்போது மணி மூன்றேகால்.

டீக்கடை பெஞ்சில் ஒரு புருஷனும் பெண்சாதியும் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். வாசலில் நின்ற முட்டை வண்டி அவர்களுடையது. அந்த அம்மா கிளாசைக் கீழே வைத்துவிட்டு என்னிடம் வந்தார்.

“ஏம் அம்மிணி, பொண்ணையே உட்டுப்போட்டுப் போயிட்டாங்களா?”

“ஆமாங்க.”

“எந்த ஊருக்குப் போவோணும்?”

“குமாரபாளையமுங்க. ஆனா சங்ககிரில உட்டாப் போதும்.”

“நாங்க பவானிக்குத்தான் போறோம். ஏறு சாமி” என்று என் கையைப் பிடித்து முன்சீட்டில் ஏற்றி, புருஷனுக்கும் தனக்கும் நடுவில் உட்கார வைத்தார். புடவைக் கொசுவத்தை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார், கசங்கக் கூடாது என்று.

வண்டி கிளம்பியது. கிளம்பியது என்றுதான் பெயர். பின்னால் அட்டை அட்டையாக முட்டை. ஒவ்வொரு குழிக்கும் அவர் பிரேக் போட்டார்; வேகத்தடையில் தூங்கும் குழந்தையை எடுத்துப் போகிறவர் மாதிரி ஏறி இறங்கினார். ஒரு சைக்கிள் எங்களைத் தாண்டிப் போனது.

“கொஞ்சம் மிதிங்களேன்” என்றார் அந்த அம்மா.

“முட்டை இருக்குது.”

“முட்டை போனாக் கோழி மறுக்கா உடும். கல்யாணம் நின்னா?”

“கல்யாணம் எதுக்கு நிக்குது? பொண்ணுதான் நம்மகிட்ட இருக்குதே” என்றார் அவர், முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

அவ்வளவுதான். நானும் அந்த அம்மாவும் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து சிரித்தோம். அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு மை கரைந்தது. ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை குமாரபாளையத்திலிருந்து போன் வந்தது.

“இப்ப எங்கீங்க?”

“முட்டை வண்டிலீங்க.”

“உடையாம வாங்க” என்றார். அவர் சொன்னது என்னையா முட்டையையா என்று நான் கேட்கவில்லை.

சங்ககிரிக்கு முன்னாலேயே எங்கள் பஸ்கள் தெரிந்தன. எல்லோரும் இறங்கி ரோட்டோரம் வரிசையாக நின்றார்கள். முட்டை வண்டியின் முன்கண்ணாடியில் என் நெற்றிச்சுட்டி மின்னியதை யாரோ பார்த்துவிட்டார்கள். ஒரே கூச்சல். சித்தி பெண்கள் ரோட்டிலேயே ஆட ஆரம்பித்தார்கள். ரோட்டில் போன லாரிக்காரர் ஒருவர் என்ன ஏதென்று தெரியாமலே ஹாரன் அடித்து வாழ்த்திவிட்டுப் போனார். மாமா ஓடி வந்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். வேட்டி முனையால் என் முகத்தைத் துடைத்துவிட்டு, “பயந்துட்டயா சாமி?” என்றார். இல்லை என்று தலையாட்டினேன். “நான் பயந்துட்டேன்” என்றார் மெதுவாக. பத்து நொடி நான் சிரிக்காமல் இருந்தது அந்த மாசத்தில் அப்போதுதான்.

அப்புறம் அந்தத் தம்பதியிடம் போய்க் கும்பிட்டு, காலையில் கட்டாயம் முகூர்த்தத்துக்கு வர வேண்டும் என்று பத்திரிகை கொடுத்தார். முட்டையை இறக்கிவிட்டு வருவதாகச் சொல்லி அவர்கள் அதே வேகத்தில் போனார்கள்.

மண்டபத்தில் நாலு இருபதுக்கு இறங்கினோம். அம்மா ஆரத்தித் தட்டோடு நின்றாள். அம்மாவிடம் ஒருவரும் மூச்சு விடக் கூடாது என்று மாமா பஸ்ஸுக்குள் உத்தரவு போட்டிருந்தார். அறுபத்து இரண்டு பேரும் தலையாட்டியிருந்தார்கள். ஆரத்தி சுற்றி முடியவில்லை, ஒரு வாண்டு “பொண்ணு முட்டை வண்டில வந்துச்சு” என்று கத்திவிட்டது. அம்மா தட்டோடு மாமாவைத் திரும்பிப் பார்த்தாள். மாமா பஸ்ஸின் டயரை ரொம்ப அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வரவேற்புக்கு அலங்காரம் செய்ய ஒரு அக்கா வந்திருந்தார். அவர் பின்னால் நின்று சடை பின்ன, நான் மடியில் லேப்டாப்பை வைத்து ஆப்பைத் திறந்தேன்.

“தலையைக் குனியாதீங்க” என்றார்.

“ஒரே ஒரு எண்ணு மாத்தோணுமுங்க்கா.”

ஆனால் எந்த எண்ணைப் போட்டாலும் ஏதாவது ஒரு போனில் ஒரு பட்டியல் ஒளிந்துகொள்ளும் என்று தெரிந்தது. பாதிக்குப் பாதி பிரித்துப் பார்த்தேன். மாமாவின் எழுத்தளவில் பட்டியலுக்கு ஒரு பெயர்தான் தெரிந்தது. அப்போது கதவு தட்டப்பட்டது. கட்டிக்கொள்ளப் போகிறவர், கோட்டும் மாலையுமாக, தன் அக்காவைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு வாசலில் நின்றார். அவர் வீட்டில் எல்லோருக்கும் விஷயம் தெரிந்திருந்தது. அவருடைய அக்கா என்னைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டார்.

“என்னங்க பண்ணறீங்க, இந்த நேரத்துல?”

லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினேன். அவர் குனிந்து பார்த்தார். தறி மிஷினில் எந்தத் திருகு எதற்கு என்று தெரிந்த ஆள். ஆப் எழுதுவதைப் பற்றி ஒன்றும் தெரியாது.

“ஏறினவங்களை எதுக்குங்க மேல போட்டிருக்கறீங்க? அவங்கதான் ஏறிட்டாங்களே.”

நான் அவரைப் பார்த்தேன்.

“ஏறாதவங்கதானே வேணும்? தறில ஓடற நூலை ஆரு பாக்கறாங்க? அறுந்ததைத்தானே பாக்கோணும்.”

சடை பின்னிய அக்கா, “அட ஆமா” என்றார். எனக்குச் சிரிப்பும் வெட்கமும் ஒன்றாக வந்தன. ஒரு வாரம் நான் உயரத்தோடு மல்லுக்கட்டியிருக்கிறேன். எது மேலே, எது கீழே என்று ஒரு தடவைகூட யோசிக்கவில்லை. இவரைத்தான் கட்டிக்கொள்ள வேண்டும் என்று ஏற்கெனவே முடிவாகிவிட்டது. இல்லாவிட்டால் அந்த இடத்திலேயே முடிவு செய்திருப்பேன்.

விரலால் தள்ளினால் இரண்டு பட்டியலும் தனித்தனியாக ஓடுவதை எடுத்துவிட்டு, முழுத் திரையும் ஒன்றாக ஓடும்படி மாற்றினேன். முதலில் ஏறாதவர்கள், எத்தனை பேர் என்ற எண்ணோடு. அவர்கள் முடிந்த பிறகு ஏறியவர்கள். எழுத்து எவ்வளவு பெரிதாக இருந்தாலும் விரலால் தள்ளினால் கடைசிவரை போகும். வரவேற்பு மேடைக்குப் போகும் வழியில் மாமாவின் போனை வாங்கிப் புதியதைப் போட்டுக் கொடுத்தேன். போட்டோகிராபர் பெண் எங்கே என்று தேடிக்கொண்டிருந்தார்.

மறுநாள் முகூர்த்தம் நல்லபடியாக முடிந்தது. முட்டை வண்டித் தம்பதி முதல் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அந்த அம்மா மேடை ஏறி வந்து, மாலையைச் சரிசெய்துவிட்டு, “கசங்காம வந்துட்ட” என்று என் கன்னத்தைத் தட்டினார்.

மதியம் எங்கள் ஆட்கள் ஊருக்குக் கிளம்பினார்கள். அப்பாவும் அம்மாவும் அழுது முடித்துக் காரில் ஏறினார்கள். மாமாவின் மனைவி, என் அத்தையும் அவர்களோடு போய்விட்டார். அத்தை பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு, என் பெயரையும் நானே எடுத்தேன். விரல் கொஞ்சம் தயங்கியது. நல்லவேளை, பக்கத்தில் நின்றவர் அந்த நேரம் பார்த்து வேட்டியை மிதித்துத் தடுமாறினார்.

பஸ்கள் நிரம்பின. மாமா கீழே நின்று போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

“ஒருத்தரு ஏறல!” என்று கத்தினார். எல்லோரும் ஜன்னல் வழியே தலையை நீட்டினார்கள். மாமா பெயரைப் படித்து, ஊரே கேட்கும்படி கூப்பிட்டார். யாரும் வரவில்லை. மண்டபத்துக்குள் ஓடிப் போய்க் கூப்பிட்டார். சாப்பாட்டுக் கூடத்தில் கூப்பிட்டார். வெளியே வந்து, “இவன் ஆரு, ஒரு நிமிஷம் பஸ்ல உக்கார மாட்டீங்கறானா?” என்று கோபமாகக் கேட்டார்.

அவர் கூப்பிட்டது அவருடைய பெயரையேதான். கல்யாணத்துக்கு வரும்போது அவர் பெயரை அத்தை தொட்டிருந்தார். இப்போது தொட ஆள் இல்லை.

முதலில் சிரித்தது டிரைவர். அப்புறம் இரண்டு பஸ்ஸும் சேர்ந்து சிரித்தன. மாமாவுக்கு விளங்கக் கொஞ்ச நேரம் ஆனது. விளங்கியதும் அவர் போனையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்து, வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே படியில் ஏறித் தன் பெயரைத் தொட்டார். வண்டி நகர்ந்தது. நானும் என் வீட்டுக்காரரும் மண்டப வாசலில் நின்று கை காட்டினோம். இவருக்குச் சிரித்துச் சிரித்து விக்கல் எடுத்துவிட்டது. தண்ணீர் கொண்டுவர நான் உள்ளே ஓடினேன்.